சாப்பாட்டு ரூம் சுவரில் ஒரு மங்குத் தட்டு

அம்பத்தூரில் எங்கள் ஃப்ளாட்டில் ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. பில்டர் கொடுத்த பிளானில் அதற்கு 'டைனிங்' என்று பெயர். பத்தடிக்கு எட்டடி. ஒரு மேஜை, நாலு நாற்காலி போட்டால் முடிந்தது. அங்கே இருக்கும் ஒரே வெற்றுச் சுவரில் என்ன மாட்டுவது என்று ஆறு மாதமாக வீட்டில் பேச்சு. கடைசியில் மனைவிதான் முடிவு செய்தாள்: பழைய பீங்கான் தட்டு நாலைந்து, கீழே ஒரு சின்ன ஷெல்ஃபில் பழைய கலர் கண்ணாடி சாமான் ரெண்டு. "எல்லாரும் பிரின்ட் போட்ட படம் மாட்டுறாங்க. நாம நிஜமான பழைய பொருள் வைப்போம்."

பொங்கல் லீவில் பிள்ளையார்பட்டி போயிருந்தபோது காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனோம். பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு. ஒரு கடையில் இரண்டு பீங்கான் தட்டு, ஒரு நீலக் கண்ணாடிக் குடுவை, ஒரு எனாமல் தட்டு எடுத்தோம். எனாமல் தட்டு வெள்ளை, ஓரத்தில் நீல வரி, நடுவில் ரோஜாக் கொத்து. திருப்பிப் பார்த்தால் அடியில் கம்பெனி முத்திரை. அதற்குப் பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் கையால் எழுதிய மூன்று தமிழ் எழுத்துகள்.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "அது ஒண்ணுமில்ல சார், யாரோ வீட்டு இனிஷியல். தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும், துடைச்சுத் தரட்டுமா?" என்றார். பையனைக் கூப்பிட்டு பாட்டிலையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஏனோ, "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இரண்டு மாதம் இதைப் படித்துக்கொண்டிருந்த பிறகு இப்போது சொல்ல முடியும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

தட்டின் முதுகு

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது புரியவில்லை என்றால் முதலில் லாக் ஃபைலைத் திறந்து நேரத்தைப் பார்ப்போம். பீங்கானுக்கும் எனாமலுக்கும் லாக் ஃபைல் அதன் முதுகுதான்.

எந்த நாட்டில் செய்தது என்று பொருளின் மீதே அச்சடிக்கும் வழக்கம் பரவலானதற்குக் காரணம் சட்டங்கள். பிரிட்டனில் 1887-ல் சரக்குக் குறிச் சட்டம் வந்தது. ஜெர்மன் சரக்கு ஆங்கிலச் சரக்கு மாதிரி வேஷம் போடுகிறது என்பது அங்கே அப்போதைய புகார். அதைப் பின்பற்றி இந்தியாவிலும் 1889-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அமெரிக்கா 1890-ல் தன் சுங்கச் சட்டத்திலேயே இதைச் சேர்த்தது. எனவே நாட்டின் பெயர் போட்ட தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

ஜப்பான் சாமானில் இன்னும் சுவாரசியம். 'நிப்பான்' என்று போட்டிருந்தால் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது. 1921-ல் அமெரிக்கச் சுங்கத்துறை 'ஜப்பான்' என்றுதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. 'ஆக்குப்பைடு ஜப்பான்', அதாவது ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான், என்று போட்டிருந்தால் இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே இருந்த காலம். 1952-க்குப் பிறகு அந்த முத்திரை கிடையாது. ஆங்கிலப் பீங்கானில் வைரம் போன்ற ஒரு குறி இருந்தால் 1842 முதல் 1883 வரை. வெறும் பதிவு எண் இருந்தால் 1884-க்குப் பிறகு. கடையில் யாராவது "இருநூறு வருஷப் பழசு சார்" என்று சொன்னால், சண்டை போடாமல் தட்டைத் திருப்பிப் பாருங்கள், போதும்.

என் எனாமல் தட்டின் முத்திரையில் இருந்த நாடு செக்கோஸ்லோவாகியா. அந்த நாடு பிறந்தது 1918 அக்டோபரில். 1939 மார்ச்சில் ஹிட்லர் அதை விழுங்கினார். போருக்குப் பிறகு திரும்ப வந்து 1992 கடைசி நாளோடு இரண்டாகப் பிரிந்துபோனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் பிற்பகுதியிலிருந்து, இந்தியா இறக்குமதியை இறுக்கிப் பிடித்துவிட்டது. வெளிநாட்டு ரோஜாப்பூத் தட்டு கப்பலில் வந்து இறங்குவது லேசான காரியமில்லை. எனவே என் தட்டுக்கு மிகவும் பொருந்தும் ஜன்னல் 1918 முதல் 1939 வரை. இருபத்தோரு வருஷம்.

இந்த இருபத்தோரு வருஷம் எப்படிப்பட்டது என்பதில்தான் கதையே இருக்கிறது. அதற்கு முன்னால் தட்டு குடியிருந்த வீட்டைப் பார்த்துவிடுவோம்.

மங்கு

செட்டிநாட்டில் எனாமல் பாத்திரத்தை 'மங்கு' என்கிறார்கள். மங்குத் தட்டு, மங்கு வாளி, மங்கு டிபன் கேரியர். மலாய் மொழியில் 'மங்குக்' என்றால் கிண்ணம். நாம் சொல்லும் 'பீங்கான்' மாதிரியே மலாயில் 'பிங்கான்' என்றால் தட்டு, பாரசீகத்திலும் 'பிங்கான்' உண்டு, சிங்களத்தில் 'பிங்கான'. ஒரு சாமான் எந்தக் கடல் வழியாக நம் வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல இந்த வார்த்தைகளே போதும்.

பீங்கான் இந்தக் கரைக்குப் புதுசும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் செய்த அகழாய்வில் 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் அது துறைமுகத்துச் சரக்கு. ஒரு வறண்ட பிரதேசத்தில், ஊர் ஊராக, வீடு வீடாக ஐரோப்பியக் கண்ணாடியும் ஜப்பான் ஓடும் குவிந்தது செட்டிநாட்டில்தான். முன்பு 96 ஊர், இன்று எழுபத்துச் சொச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்த் தொகுப்பு சேர்க்கப்பட்டது.

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கம் வீடு பார்க்கப் போனவர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம்: பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, பர்மிங்காம் இரும்பு, ஜப்பான் ஓடு. ஜப்பான் ஓடு என்பது சுவரின் கீழ்ப்பகுதியில் பதித்திருக்கும், பூப்பூவாகப் புடைத்த பளபள ஓடு. அதற்கு 'மஜோலிகா' என்று பெயர். முதலில் இது இங்கிலாந்தின் சரக்கு. முதல் உலகப்போரில் ஐரோப்பிய ஏற்றுமதி முடங்கியதும், அதே டிசைனைப் பார்த்துப் பழகிய ஜப்பானியர்கள் சந்தையைப் பிடித்தார்கள். இந்தியாவுக்கென்றே கிருஷ்ணரும் லட்சுமியும் போட்டுக்கூட ஓடு செய்து அனுப்பினார்கள்.

எனாமல் என்பதும் அடிப்படையில் கண்ணாடிதான். இரும்புத் தகட்டை வளைத்துப் பாத்திரமாக்கி, அதன்மேல் கண்ணாடித் தூளைக் கரைத்துப் பூசி, 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூளையில் வைத்தால் தூள் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சுவீடனில் ரோன்னெபி பக்கம் காக்கம்ஸ் என்ற கம்பெனி 1893 முதல் 1971 வரை இதைச் செய்தது. செட்டிநாட்டு மங்குச் சாமானில் அந்த முத்திரையையும் பார்க்கலாம்.

அலங்காரத்தைத் தாண்டி, நம் சமையலில் மங்குக்கு ஒரு நியாயமான இடமும் இருந்தது. பித்தளையிலும் செம்பிலும் புளி, மோர், எலுமிச்சை வைத்தால் களிம்பு ஏறும். அதனால் ஈயம் பூச வேண்டும். தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். மங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. எவர்சில்வர் வருவதற்கு முன் புளிக்கு அஞ்சாத லேசான உலோகப் பாத்திரம் அதுதான். அதே எவர்சில்வர்தான் பின்னால் அதைப் பரணுக்கு ஏற்றியது.

இதில் யார் சாப்பிட்டார்கள்?

என் ஆபீஸ் நண்பரின் அம்மா செட்டிநாட்டுக்காரர். எண்பது தாண்டிவிட்டது. இப்போது மகனோடு ஆவடியில் இருக்கிறார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

"விலாசம் இருக்கே தம்பி. நல்லவேளை, அழிக்காம வச்சிருக்கீங்க."

விலாசம் என்றால் நமக்கு முகவரி. நகரத்தாருக்கு அது குடும்பத்தின் தொழில் அடையாளம். தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வரும் கோவை. வெளிநாட்டில் கடை நடந்தது அந்தப் பெயரில்தான். உண்டியல், கணக்குப் புத்தகம், பித்தளை அண்டா எல்லாவற்றிலும் அந்த எழுத்துகள் இருக்கும். பித்தளை, வெள்ளி என்றால் உளியால் வெட்டுவார்கள். பீங்கானிலும் மங்கிலும் வெட்ட முடியாதே.

"ஆச்சி, இதுல யாரு சாப்பிட்டிருப்பாங்க?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "இதுல எங்க தம்பி சாப்பிடுறது? சாப்பாடெல்லாம் இலையில. இது பரப்புறதுக்கு."

சாமான் பரப்புதல். நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாரும் பார்க்க வரிசையாக விரித்து வைப்பது. வெள்ளி, பித்தளை, மங்கு, பீங்கான், கண்ணாடி, மரவை, கூடை, முறம் வரை. டஜன் கணக்கில். யார் எதைக் கொடுத்தார்கள் என்று பட்டியல் உண்டு. நகரத்தார் கல்யாணத்தில் 'இசைகுடிமானம்' என்று திருமண ஒப்பந்தத்தையே ஓலையில் எழுதிய சமூகம் அது. எழுதாமல் எதுவும் நகராது.

அந்தச் சாமான் பெண்ணுடையது. புருஷன் வீட்டில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. அந்த அறைக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. பெண் கொண்டுவந்த சாமான் அதற்குள் போகும். அவள் மகளுக்குக் கல்யாணம் என்றால் மறுபடி வெளியே வரும். நடுவில் இருபது வருஷம் இருட்டில் இருக்கும்.

"எங்கம்மா வச்ச சாமானை நான் எம்புட்டுத் தடவை பாத்திருக்கேன் தெரியுமா? ரெண்டு தடவை. எங் கல்யாணத்துக்கு ஒண்ணு. வித்தப்ப ஒண்ணு."

நான் அதற்கு மேல் உடனே எதுவும் கேட்கவில்லை.

சாப்பாடு எங்கே நடந்தது என்றால், இரண்டாம் கட்டிலோ நீளமான போஜன ஹாலிலோ. தரையில் பாயோ பலகையோ போட்டுப் பந்தி. ஹாலில் மேலே சரவிளக்கு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, கதவுக்கு மேல் கலர் கண்ணாடி. கீழே வாழையிலை. உலகத்தின் அத்தனை பீங்கானும் சுற்றி நிற்க, நடுவில் தூக்கிப் போட்டுவிடக்கூடிய இலையில் சாப்பாடு. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. மண்ணில் செய்த பாத்திரம் எச்சில் பட்டால் கழுவினாலும் தீட்டுப் போகாது என்ற எண்ணம் பொதுவாகவே தமிழ் வீடுகளில் இருந்தது. 'போன் சைனா' என்றால் இன்னும் மோசம். அதன் மாவில் பாதிக்கு அருகில் மாட்டெலும்புச் சாம்பல். தட்டு பார்ப்பதற்கு, இலை சாப்பிடுவதற்கு. வெள்ளைக்காரத் துரை வந்தால் மட்டும் மேஜை, நாற்காலி, கத்தி, முள்.

மயில் அறை

சாப்பாட்டு அறையைப் பழைய பீங்கானால் அலங்கரிப்பது என்ற யோசனை நம் ஊருடையதும் அல்ல. அதன் உச்சம் என்று சொல்ல வேண்டுமானால் லண்டனில் ஒரு அறை உண்டு.

ஃபிரெடரிக் லேலண்ட் என்ற லிவர்பூல் கப்பல் முதலாளி. சீன நீலவெள்ளைப் பீங்கான் மீது அவருக்குப் பைத்தியம். 1870களில் இங்கிலாந்தில் பலருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. தன் வீட்டுச் சாப்பாட்டு அறையை அந்தப் பீங்கானுக்கென்றே கட்டச் சொன்னார். தாமஸ் ஜெக்கில் என்ற வடிவமைப்பாளர் சுவர் முழுக்கத் தோலை ஒட்டி, வால்நட் மரத்தில் மெல்லிய சட்டம் சட்டமாக அலமாரி அமைத்தார். ஜெக்கிலுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஓவியர் விஸ்லர் உள்ளே வந்தார். 1876-77-ல், முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில், மொத்த அறையையும் நீலப்பச்சையும் தங்கமுமாக மாற்றி மயில்களை வரைந்துவிட்டார். பில் 2,000 கினி. லேலண்ட் பாதிதான் கொடுப்பேன் என்றார். விஸ்லர் கோபத்தில், சண்டை போடும் இரண்டு மயில்களை அதே சுவரில் வரைந்து வைத்தார். ஒரு மயிலின் காலடியில் வெள்ளிக் காசுகள் சிதறிக் கிடக்கும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது சண்டையல்ல, அடுத்து நடந்தது. லேலண்ட் 1892-ல் இறந்தார். பீங்கான் முழுக்க ஏலத்தில் போய்ச் சிதறியது. அலமாரி காலியாக நின்றது. 1904-ல் சார்லஸ் ஃப்ரீர் என்ற அமெரிக்கர் அறையை மட்டும் கழற்றி வாங்கிக் கப்பலில் ஏற்றினார். இன்று அது வாஷிங்டனில், ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே இப்போது இருப்பது வேறு பீங்கான்.

அறை மிஞ்சும், பொருள் சிதறும். செட்டிநாட்டிலும் அதேதான் நடந்தது. ஆனால் அங்கே காரணம் ஒரு ஆளின் மரணம் அல்ல.

பர்மா கணக்கு

1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி நெல் போட்டால் ஐரோப்பா வரை விற்கலாம் என்ற நிலை. விவசாயிக்குக் காடு வெட்ட, மாடு வாங்க, அறுப்பு வரை சாப்பிடப் பணம் வேண்டும். ஆங்கில வங்கிகள் விவசாயிக்குக் கடன் தராது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் நகரத்தார். போருக்கு முன் உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா என்றால், அதில் இந்தக் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி.

அந்தப் பணத்தின் ஒரு துளிதான் கானாடுகாத்தானில் பெல்ஜியம் கண்ணாடியாக நின்றது. இந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: அந்தக் கண்ணாடிக்கு வட்டி கட்டியவர் ஐராவதிக் கரையில் சேற்றில் நின்ற பர்மிய விவசாயி.

1930-ல் உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1930களின் கடைசியில் 25 சதவீதம். பார்க்க லாபம் மாதிரித் தெரியும். உண்மையில் இது முதலுக்கே மோசம். பணம் கொடுத்தவருக்குப் பணம் திரும்ப வரவில்லை. விற்க முடியாத நிலம்தான் வந்தது. நிலத்தை இழந்த பர்மியருக்கோ கோபம் வந்தது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. கணக்குப் புத்தகம் இங்கே, நிலம் அங்கே. அவ்வளவுதான்.

என் தட்டின் 1918-39 ஜன்னலை இப்போது இதன்மேல் வைத்துப் பாருங்கள். முன்பாதியில் வாங்கியிருந்தால் அது உச்சத்தின் தட்டு. பின்பாதியில் வாங்கியிருந்தால், ஊரில் நிலைமை சரியாகத்தான் இருக்கிறது என்று காட்ட வாங்கிய தட்டு. எது என்று தட்டு சொல்லாது. ஆனால் இரண்டில் எதுவாக இருந்தாலும், அதை வாங்கிக் கொடுத்த கை அடுத்த தலைமுறைக்கு அப்படி வாங்கிக் கொடுக்க முடியாத கை.

பூட்டு திறந்த கதை

நிலம் போனது. வீடு மிஞ்சியது. அதுவும் ஒரு ஆளின் வீடு அல்ல. நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. கோவில் வரி கூடப் புள்ளிக் கணக்குத்தான். தாத்தா கட்டிய வீட்டில் மூன்று தலைமுறைக்குள் இருபது, முப்பது பங்கு வந்துவிடும். ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் அமெரிக்கா. ஓடு மாற்ற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது. எனவே வீட்டை முழுசாகக் காப்பாற்றுவதைவிட, பிரித்து விற்றுப் பங்கு போடுவது எளிது. தூண் தனியாக, கதவு தனியாக, ஓடு தனியாக.

அறைக்குள் இருந்த பெண்களின் சாமானும் அப்படித்தான் வெளியே வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். வீட்டுப் பங்குக்குப் பத்திரம் உண்டு. யார் பெயரில் எவ்வளவு என்று ரிஜிஸ்டர் ஆபீசில் தேடலாம். தட்டுக்கு உள்ள ஒரே பத்திரம் அந்தச் சிவப்பு எழுத்து. பரப்பியபோது எழுதிய பட்டியல் எங்கேயோ கரையான் தின்றிருக்கும். எழுத்தையும் துடைத்துவிட்டால் அது 'விண்டேஜ் எனாமல் ப்ளேட், செக்' ஆகிவிடும். பிராகில் வாங்கினாலும் அதேதான்.

கடையில் தின்னர் பாட்டிலைப் பார்த்து நான் தயங்கியதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது புரிகிறது. எங்கள் தொழிலில் டேட்டாவை அழிக்கலாம், அதற்குக்கூடக் காரணம் இருக்கும். மெட்டாடேட்டாவை அழித்தால் மிச்சமிருக்கும் டேட்டாவுக்கும் அர்த்தம் போய்விடும். கடைக்காரர் மேல் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் சுத்தமாகக் கேட்கிறார்கள், அவர் சுத்தம் செய்கிறார். மாற வேண்டியது என்னைப் போல வாங்குகிறவர்கள்தான்.

அம்பத்தூருக்குத் திரும்பி

இதெல்லாம் இருநூற்றைம்பது மைல் தள்ளி நடந்த யாரோ கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை.

பள்ளத்தூர் ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் குடும்பம் 1900-ல் பர்மாவின் மோல்மேனில் லேவாதேவி தொடங்கியது. 1930களிலேயே, ஜப்பான் வருவதற்கு முன்னால், முதலைத் தாய்நாட்டுக்கு மாற்றிக்கொண்டது. 1949-ல் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து அந்தக் குடும்பம் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். அடுத்து 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். அம்பத்தூர் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பே வந்தவை இவை. இந்தப் பக்கம் வளர்ந்த யாருக்கும் சைக்கிள் கம்பெனி சங்கு, ஷிஃப்டு முடிந்து வரும் கூட்டம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பர்மிங்காம் என்ற பெயரைக் கவனியுங்கள். முதல் முறை அது செட்டிநாட்டுக்கு இரும்புத் தூணாகவும் கிராதியாகவும் வந்தது. இரண்டாம் முறை அம்பத்தூருக்கு சைக்கிள் ஃப்ரேமாக வந்தது. அதே ஊர், அதே சமூகத்தின் பணம். முதல் முறை வந்தது வீட்டில் நின்றது. இரண்டாம் முறை வந்தது தெருவில் ஓடியது. என் ஃப்ளாட் இருக்கும் ஊர் இன்று ஊராக இருப்பதற்கு அந்த இரண்டாவதும் ஒரு காரணம்.

நேரத்தில் பணத்தைத் திருப்பியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு மிஞ்சியது பூட்டிய அறை. இரண்டு கதையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தொடங்கியவை. இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் சந்தித்திருக்கின்றன.

கடைசியில் என்ன செய்தோம்

நீங்களும் இப்படி வைக்க நினைத்தால் நாங்கள் கற்றுக்கொண்ட சில விஷயங்கள்.

மாட்டும் தட்டில் சாப்பிடாதீர்கள். பழைய மெருகிலும் பூ வேலைப்பாட்டிலும் ஈயமும், சிவப்பு, மஞ்சள் நிறங்களில் காட்மியமும் இருக்க வாய்ப்பு உண்டு. நம் ரசமும் ஊறுகாயும் அதைக் கரைத்துவிடும். எனாமலில் சில்லு போன இடத்தில் இரும்பு தெரிந்தால் துரு பரவும். சென்னை ஈரக்காற்றுக்கு அது ஒன்று போதும். ஈரத்துணியால் துடைத்து, உடனே காயவைத்து, துரு தெரிந்த இடத்தில் மட்டும் மெல்லிய மெழுகு பூசுங்கள். ஸ்பிரிங் கம்பிக் கொக்கி போட்டால் ஓரத்தில் ரப்பர் குழாய் மாட்டுங்கள், இல்லையென்றால் கம்பி மெருகைக் கீறும். முதுகில் கோந்து வைத்து ஒட்டும் வட்ட ஸ்டிக்கரைப் பழைய பொருளுக்குப் பயன்படுத்தாதீர்கள். முத்திரையையும் எழுத்தையும் அதுவே மூடிவிடும். கிச்சன் புகைக்கு நேராக வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் தேய்ப்பீர்கள், தேய்த்தால் தங்க வரி போய்விடும்.

வாங்கும்போது எங்கே வாங்கியது, என்றைக்கு, என்ன விலை, கடைக்காரர் எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்றார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதுகை போட்டோ எடுத்து அதோடு வையுங்கள். அவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிஷம்.

எங்கள் சுவரில் பீங்கான் தட்டு இரண்டும் மாட்டியாகிவிட்டது. நீலக் குடுவை ஷெல்ஃபில். மங்குத் தட்டை மட்டும் மாட்டவில்லை. ஷெல்ஃபில் குடுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மர ஸ்டாண்டில் நிற்கிறது. பின்னால் சுவரோடு சின்னக் கண்ணாடி ஒன்று வைத்தோம். பெல்ஜியம் இல்லை, பாடியில் வாங்கியது. குனிந்து பார்த்தால் அதில் முதுகு தெரியும்.

அந்த மூன்று எழுத்துகளை இங்கே நான் எழுதவில்லை, போட்டோவும் போடவில்லை. விற்றது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். அதை இணையத்தில் பரப்ப எனக்கு உரிமை இல்லை. ஆனால் எழுத்து அழியாமல் இருக்கிறது. யாராவது ஒருவர் என் வீட்டுக்கு வந்து, குனிந்து பார்த்து, "இது எங்க அப்பத்தா வீட்டு விலாசம்" என்று சொன்னால் தட்டை எடுத்துக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

ஆச்சி போன வாரம் மகனோடு வந்திருந்தார். பீங்கான் தட்டுகளைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார். மங்குத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, இதுல எத்தனை வாங்குனீங்க?"

"ஒண்ணுதான் ஆச்சி."

"ஒரு டஜனா இருந்திருக்கும்," என்றார். "மத்த பதினொண்ணு எங்கெங்க இருக்கோ."